பாதரசம் நடுங்கிய மத்தியானம்

"இது அசையவே அசையாத மண்ணுங்க, ஓவர்சியர் ஐயா!" என்று காலித் தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து சுந்தரலிங்கம் முதலாளி சத்தியம் செய்துகொண்டிருந்தபோதே, அவர் கண்ணெதிரில் தட்டு நடுங்கியது.

தட்டில் இருந்தது பாதரசம். இலங்கை மலைநாட்டு நோர்வூட் கடைத்தெருவில், அவருடைய பலசரக்குக் கடைக்குப் பின்னால் கிடந்த காணியில் முளையடித்து, அதன்மேல் வைத்திருந்தார் ஓவர்சியர் சிதம்பரநாதன். பீகாரில் பூமி அதிர்ந்த சேதி வந்ததிலிருந்து, அவருடைய பெரிய துரைக்கு மண்ணைச் சோதிக்காமல் தூக்கம் வருவதில்லை. காலையில் இந்த மண்ணைத் தகரப் பெட்டியில் நிரப்பி, மேலே செங்கல்லை நிறுத்தி, பெட்டியை உலுக்கிப் பார்த்தாயிற்று. செங்கல் சாயவில்லை. பாக்கி இந்தத் தட்டுதான். தூரத்தில் இரும்புக் குண்டைப் போடுவார்கள். பாதரசம் சீக்கிரம் அடங்கினால் புது ஆஸ்பத்திரி இங்கே. அடங்காவிட்டால் எதிர்ப்பக்கம் வீரய்யாவின் காணியில்.

ஆஸ்பத்திரி வந்தால், சீக்காளியைப் பார்க்க வருகிறவன் வெறுங்கையோடா போவான்? பாண் ரொட்டியும் பழமும் யாரிடம் வாங்குவான்? போன மழையில் தங்கை ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் லொறியிலேயே பிள்ளை பெற்றதையும் முதலாளி மறக்கவில்லை. அதை மட்டும் அவர் வெளியே சொல்வதில்லை.

"குண்டே இன்னும் போடல. எப்படி ஆடுது?" ஓவர்சியர் நெற்றியைச் சுருக்கினார்.

முதலாளிக்குச் சட்டென்று விளங்கியது. பின்கட்டில் மனைவி பரிமளம் மாவு இடிக்கிறாள்! ஓடினார்.

"நிறுத்து புள்ள!"

"மாவு பாதியில கிடக்குங்க."

"ஆசுபத்திரியே பாதியில கிடக்கு!"

வேடிக்கை பார்க்க அவளும் உலக்கையோடு வந்து நின்றாள். முதலாளி பெட்டியில் உட்கார்ந்தார். தட்டு நடுங்கியது.

"லொறி! ரோட்டுல போற லொறிதான்!"

ஓடிப்போய் நடுரோட்டில் அரிசி மூட்டையை உருட்டிவிட்டார். தேயிலைக் கொழுந்து ஏற்றிவந்த லொறி நின்றது, எஞ்சின் உறுமியது, ஹாரன் அலறியது.

"என்னா முதலாளி, ரோட்டுலயே கடை போட்டுட்டீங்க?" என்றான் லொறிக்கார அழகன்.

"எஞ்சின நிப்பாட்டுடா! பூமி ஆடுது!"

லொறியில் இருந்த வேலாயிக்குத் தொண்டை கொஞ்சம் பெரிது. "பூமி ஆடுதாம்டியோவ்!" என்று அவள் போட்ட சத்தம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயம்வரை போனது. பாய், கோழி, குழந்தைகளோடு லயமே இறங்கி வந்து, தலையில் விழச் சுவரில்லாத இடம் இதுதான் என்று முதலாளியின் காணியில் நிறைந்தது.

"யாரும் அசையாதீங்க! அசையாம இருக்கிறவங்களுக்கெல்லாம் தேத்தண்ணி, நம்ம செலவுல!"

"சீனி போட்டதா, வெறுஞ்சாயமா?" என்றது ஒரு குரல்.

"சீனி... போட்டதுதான்!" சொல்லிவிட்டு முதலாளி தலைகளை எண்ணினார்.

கோழிகூடக் கொக்கரிக்கவில்லை. முதலாளி பெட்டியில் உட்கார்ந்தார். தட்டு முன்னைவிட மோசமாக நடுங்கியது.

ஓவர்சியர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "சும்மா இருக்கையிலயே ஆடுற மண்ணு, முதலாளி. வீரய்யா காணியப் பாத்துக்கிறேன்."

முதலாளி எழுந்து நின்றார். தோள் துண்டு நழுவியது; எடுக்கவில்லை. "அவரு காணியிலயாவது கட்டிருங்கய்யா," என்றார். "நம்ம புள்ளைங்க லொறியில பொறந்தது போதும்."

ஓவர்சியர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதரசம் கண்ணாடிபோல் கிடந்தது.

"போடுங்கடா குண்ட!"

தும்! ஒரு சிற்றலை எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியது.

"அடேயப்பா, நல்லா இறுகின மண்ணு! ஆசுபத்திரி இங்கதான் முதலாளி!"

காணி முழுக்கக் கூச்சல். சந்தோஷம் தாங்காமல் முதலாளி தொப்பென்று பெட்டியில் உட்கார்ந்தார். கூச்சல் அடங்கியது, பாதரசம் அடங்கவில்லை. கிடுகிடுவென்று நடுங்கியது.

"ஐயையோ, மறுபடியுமா!"

பரிமளம் பக்கத்தில் வந்து, உலக்கையை அவர் முழங்கால்மேல் வைத்து அழுத்தினாள். பாதரசம் அப்படியே நின்றது.

"கல்யாணமான நாள்லருந்து சொல்றேன், உக்காந்தா கால ஆட்டாதீங்க, குடும்பத்துக்கு ஆகாதுன்னு!"