பாதிக் கன்னம் கையிருப்பு

குனோங் ராபாட்டில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த அண்ணே, நீங்கள் என் முகத்தில் பாதியைத்தான் சிரைத்தீர்கள். காசை மட்டும் முழுதாக வாங்கிக்கொண்டீர்கள்.

வாசகர்களே, இவருக்கு நாங்கள் வைத்த பெயர் நிதி மந்திரி. பேராக் மாநிலத்தில் உள்ள வங்கிக்காரர்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்தாலும் அந்நியச் செலாவணியில் இவரை மிஞ்ச முடியாது. முடிவெட்டுவதில் யாரும் மிஞ்சலாம்.

எழுபதுகளில் ஒருநாள், இங்கிலாந்து பவுனின் மதிப்பு விழுந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. அந்த அதிர்ச்சியில், நாற்காலியில் இருந்த லாரி டிரைவரின் ஒரு கிருதாவைக் காதுக்கு மேல் வரை வழித்துவிட்டார்.

"என்னாண்ணே இது?" என்றார் டிரைவர்.

"பவுனே போச்சு லா, ஒனக்குக் கிருதா கேக்குதா?"

என் கதை எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. அன்று மாலை கமுந்திங்கில் பெண் பார்க்கப் போக வேண்டும். ஏற்கெனவே இரண்டு வீடுகளில் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் போனால் ஜாதகத்தைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று தரகர் மிரட்டியிருந்தார். முகம் நிறையத் தாடி. மந்திரி வலது கன்னத்தை வழித்து முடித்தார். ரேடியோவில் பட்ஜெட் உரை தொடங்கியது. கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, மச்சான் காரோட நிக்கிறாரு. இடது பக்கம்?"

"பொறு லா. வெளிநாட்டுல கடன் வாங்கப் போறாங்க. யென்ல வாங்கிட்டு நாளைக்கு யென் ஏறுனா யாரு கட்டுறது? நீ கட்டுவியா?"

"நான் பொண்ணு பாக்கப் போறேண்ணே."

"போ. வலது கன்னம் செலவுக்கு. இடது கன்னம் கையிருப்பு. எல்லாத்தையும் ஒரே நாள்ல செலவு பண்ணுற நாடு உருப்படாது."

வெளியே ஹாரன் நிற்கவில்லை. காசை நீட்டினேன். பாதியாவது திருப்பித் தருவார் என்று பார்த்தேன். தரவில்லை.

கமுந்திங்கில் பெண்ணின் அப்பா என் இடது கன்னத்தையே பார்த்தார்.

"என்ன தம்பி, ஒரு பக்கந்தான் வழிச்சிருக்கு?"

எனக்குப் பொய் வராது. கையிருப்புக் கதையை அப்படியே சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. மச்சான் தரையைப் பார்த்தார். டீ கொண்டுவந்தவள் தட்டைக் கீழே வைக்க முடியாமல் சிரித்தாள்.

"கொஞ்சம் மிச்சம் வெக்கிற ஆளுப்பா. எனக்குப் போதும்" என்றாள் அப்பாவிடம்.

சில வருடங்களில் யென் ஏறத்தான் செய்தது. அதற்குள் நீங்கள் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டீர்கள். எங்கிருந்தாலும் பத்திரிகை படிக்காமல் இருக்க மாட்டீர்கள். இதே பக்கத்தில், ஊரே படிக்கும்படி பதில் எழுதுங்கள். காசு கட்டியாயிற்று, கன்னமும் இருக்கிறது. மிச்சத்தை வழிக்க எப்போது வருவீர்கள்? டீ போட்டு வைப்பதாக அவள் சொல்லச் சொன்னாள்.