கிரைண்டர் சேரும் என் ஈறும்

மனிதர்களை முகத்தால் அல்ல, பல்லாலும் ஈறாலும் அடையாளம் வைத்திருக்கும் ஆள், ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும் கிரைண்டர் சேர் ஒருவர்தான். “ஆர், அந்த கீழ்வரிசையில காவி படிஞ்சவரோ?” என்றுதான் விசாரிப்பார். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் அவரைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வணக்கம் சொல்வார்கள்.

கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. பிள்ளைகளுக்கு அவர் விஞ்ஞான சேர், நான் தமிழ் சேர். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஆசிரியர் விடுதியில் எங்கள் அறைகளுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்தான். விடிந்ததும் அந்தப் பக்கம் மாவரைக்கிற மாதிரி ஒரு சத்தம். பார்த்தால், சார்ஜ் ஏற்றிப் பல் தேய்க்கும் பிரஷ்! பட்டப்பெயர் வைத்தது பிள்ளைகள் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். வைத்தது நான்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் கொய்யாப்பழத்தைக் கடித்தபடி, “பல்லு தேய்க்கவே மெசினா? நாளைக்கு மெல்றதுக்கும் ஒன்னு வாங்கிருவாரு!” என்று எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் நின்றிருக்கிறார். பழத்தைப் பார்த்தார்.

“சேர், உங்கட முரசில ரத்தம்.” யாழ்ப்பாணத்தில் ஈறை முரசு என்பார்கள்.

“பழமே செவப்புங்க சேர்,” என்றேன்.

அது வெள்ளைக் கொய்யா.

அவர் கோபப்படவில்லை. தனக்கும் ஈறு நோய் வந்து இரண்டு கடைவாய்ப் பல் போனதையும், அதற்குப் பிறகுதான் டொக்டர் இந்தப் பிரஷைப் பாவிக்கச் சொன்னதையும் சொன்னார். “கையால எண்டால் நாங்கள் அவசரத்தில ஊத்தையை விட்டிட்டு ஓடிடுவம். இது விடாது.” அந்த வாரமே என் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. ரகசியமாகப் பண்டாரவளைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தேன்.

வாயில் வைத்த பிறகுதான் அதை முடுக்க வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? பற்பசை கண்ணாடியில் தெறித்து, பாடசாலைக்கென்று தேய்த்து வைத்த சட்டையிலும் தெறித்தது. மிச்சத்தைக் கொண்டு கரிச்சட்டி விளக்குவதுபோல் அழுத்தித் தேய்த்தேன்.

பலகைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “அமத்தாதேங்கோ சேர்! முரசுக் கரையில வச்சு மெல்ல நகர்த்துங்கோ.”

“நான் ஷேவ் எடுக்கிறேங்க!”

“சவரம் எண்டால் ஏன் துப்புறியள்?”

அன்றிலிருந்து விடுதியில் இரண்டு கிரைண்டர். சில வாரங்களில் ரத்தம் குறைந்தது. நான் மற்றவர்களுக்கு ஈறு பற்றிப் பிரசங்கம் செய்யக்கூட ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. “பல்லில இறுகின காரைக்கு பிரஷ் காணாது. டொக்டர்தான் சுரண்டி எடுக்கோணும்.”

பண்டாரவளைப் பல் டொக்டரிடம் போக இரண்டு முறை பஸ் ஏறி, ‘சுரண்டி’ என்ற சொல் நினைவுக்கு வந்து, இரண்டு முறையும் பாதிவழியில் அப்புத்தளையில் இறங்கி, தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் முறை அவர் லீவு போட்டுவிட்டு வந்து, என்னை ஜன்னல் பக்கம் தள்ளி, வழியை அடைத்து உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க வெளிய இருங்க,” என்றார் பல் டொக்டர், கிரைண்டர் சேரைப் பார்த்து.

“இவர் ஓடிப்போவார் டொக்டர். நான் நிக்கிறன்.”

கருவி வாய்க்குள் போனதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். முடிகிறவரை விடவில்லை.

பல் தப்பியது. வெளியே வந்தபோதுதான் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தேன். என் நகங்கள் ஐந்தும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

“என்னங்க சேர் இது?”

“நுளம்பு கடிச்சது,” என்று சட்டைக்கையை இழுத்துவிட்டார்.

பண்டாரவளைக் குளிரில் ஏது கொசு?