கேப்டன் பொன்னுசாமியும் கச்சான் காற்றும்

இந்த ஆடியில் தொழிற்சாலைச் சுற்றுலா ராமேஸ்வரத்துக்கு, அதிலும் படகேறிப் பக்கத்துத் தீவுக்கு என்று நோட்டீஸ் ஒட்டியதும், அதை எப்படி நிறுத்துவது என்று பொன்னுசாமி யோசிக்க ஆரம்பித்தார்.

அவர் பாம்பன்காரர்தான். ஆனால் அங்கே அப்பாவின் இட்லிக்கடையில் மாவாட்டி வளர்ந்தவர். கடலில் கால் நனைத்ததுகூட இல்லை. தண்ணீர் என்றாலே நடுக்கம். ஓசூருக்கு வந்தபின், கேட்க ஆள் கிடைத்தது என்று புயலில் படகோட்டிய கதைகளை அளந்துவிட்டார். லேத் செக்ஷன் முழுக்க அவருக்குக் 'கேப்டன்' என்றே பெயர். படகில் ஏறினாலும் மானம் போகும், ஏறாவிட்டாலும் போகும்.

ஃபோர்மேன் வெங்கடப்பனிடம் மெல்லப் பேச்செடுத்தார்.

"அண்ணே, இது மேக்க இருந்து கச்சான் காத்து அடிக்கிற மாசம். படகு ஒருபக்கமாச் சாஞ்சிரும்."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே, கேப்டன்."

வெங்கடப்பன் பாதுகாப்புக் கமிட்டிச் செயலாளர் வேறு. யாராவது ஆபத்து என்று வாயெடுத்தால், அதற்கு ஓர் ஏற்பாடு செய்யாமல் அவருக்குத் தூக்கம் வராது. மறுநாளே லாரி ஷெட்டிலிருந்து டயர் டியூப்கள் வந்து இறங்கின.

பொன்னுசாமி விடவில்லை. "தூறல் விழுந்தா பலகை வழுக்கும். மண்டை உடைஞ்சிரும்ணே."

எல்லாருக்கும் ஹெல்மெட், இரும்பு மூக்கு வைத்த ஷூ என்று உத்தரவாயிற்று.

"பழக்கமில்லாதவுகளுக்குத் தலை சுத்துமே அண்ணே." வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வெங்கடப்பனுக்கு உற்சாகம் வந்தால் கன்னடம் கலந்துவிடும். "யோசனை பேடா, கவலைய விடுங்க. ஞாயித்துக்கெழமை மத்திகிரி ஏரியில பரிசல் விட்டுப் பழகிடலாம். நீங்கதான் வாத்தியார்."

ஞாயிறன்று காற்றும் தூறலுமாக இருந்தது. லேத் செக்ஷனே குடும்பத்தோடு கரையில் நின்றது. பொன்னுசாமியின் புயல் கதைகளை நம்பியே அவருக்குக் கழுத்தை நீட்டிய மனைவி பவளம் எல்லாருக்கும் முன்னால் நின்றாள்.

"ஏங்க, புயல்ல ஓட்டுன மாதிரி ஒருதரம் ஓட்டிக் காட்டுங்க."

பரிசலோடு வந்திருந்த கங்கப்பன் துடுப்பும் கையுமாகக் கும்பிட்டார். வெங்கடப்பன் தலையில் ஹெல்மெட், இடுப்பில் டியூப், காலில் இரும்பு ஷூ என்று ஏறினார். பின்னால் பொன்னுசாமி கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

"எந்தப் பக்கம் தள்ளட்டும், கேப்டன்?" என்றார் கங்கப்பன்.

"உங்க இஷ்டம்."

கங்கப்பன் தானும் ஏறிக்கொண்டு துடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினார். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. பரிசல் நடு ஏரிக்குப் போய்க் கிறுகிறுவென்று சுற்றத் தொடங்கியது.

பொன்னுசாமி வெங்கடப்பனை டியூபோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "ஆத்தா, காப்பாத்து. அண்ணே, எனக்கு நீச்சலும் தெரியாது, படகும் தெரியாது. நான் இட்லிக்கடைக்காரர் மகன். சொன்னதெல்லாம் கதைண்ணே."

இத்தனை வருஷப் பாரம் இறங்கியதில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வெங்கடப்பன் முகம் வெளுத்தது. ஆனாலும் ஃபோர்மேன் அல்லவா, சமாளித்துக்கொண்டார். "சரி விடுங்க, கரையில போய்ப் பேசிக்கலாம். கங்கப்பா, நீ பரிசலைத் திருப்பு."

கங்கப்பன் துடுப்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பரிசல்காரன் எங்க மச்சான் சார், அவனுக்குக் காய்ச்சல். நான் மாட்டுப் பண்ணையில சாணி அள்றவன். கடல்காரர் ஓட்டுவாருன்னு நம்பித்தான் நானே ஏறுனேன்."