கிருமி ஐயாவின் வெறும் தட்டு

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் கிருமி ஐயாவுக்குத் தெரியாமல் ஒரு கிருமிகூட எவர் வயிற்றுக்குள்ளும் போனது கிடையாது. அப்படித்தான் அவர் நம்பினார். அறுபதுகளில் நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். சுகாதாரக் கந்தோரில் சோடாவையும் சர்பத்தையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதிப்பது அவர் வேலை. நான் அதே கந்தோரில் தற்காலிகக் கிளாக்கர். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கல்யாண வீட்டில் கலர்ச் சோடா நீட்டினால் வாங்குவார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு குப்பியை எடுத்து அதில் ஊற்றி மூடிக்கொள்வார். "எப்பிடி ஐயா, நல்லாயிருக்கோ?" என்று பெண்ணின் தகப்பன் கேட்டால், "வியாழக்கிழமை சொல்லுறன்" என்பார். சொன்னபடியே வியாழக்கிழமை அந்த வீட்டுப் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, "சோடா நல்லம்" என்று அறிவித்துவிட்டுப் போவார். அதற்குள் விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஊர்போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

கடைகளில் மாதிரி எடுக்கும்போது ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்திப் போத்தலின் வாயைச் சுற்றிக் காட்டுவார்.

"சோடாவுக்கும் ஆலாத்தி எடுக்கிறாரோ?" என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கேட்டார்.

"வெளியில இருக்கிற கிருமி உள்ளுக்குப் போகக்கூடாது. உள்ளுக்கு இருக்கிறதுதான் எனக்கு வேணும்" என்றார் ஐயா. சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சோதிக்கும் முறை இதுதான். கண்ணாடித் தட்டுகளில் கொதிக்கவைத்த கடற்பாசிக் கூழை ஊற்றி உறையவிடுவார். அதன்மேல் சோடாவைச் சொட்டு விட்டு, நாங்கள் கோழிப்பெட்டி என்று சொல்லும் சூட்டுப் பெட்டிக்குள் இரண்டு நாள் வைப்பார். கிருமி இருந்தால் தட்டில் வெள்ளைப் புள்ளிகள் பூக்கும். ஒரு தட்டில் மட்டும் எதையும் விடமாட்டார். அதுதான் வெறும் தட்டு. அதிலும் புள்ளி வந்தால் பிழை கூழில், சோடாவில் இல்லை. அந்தத் தட்டை அவர் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார்.

ஒரு நோன்பு மாதத்தில் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் இரண்டு பேருக்கு வயிற்றால் போனது. இருவரும் சோடா ஹாஜியாரின் இஞ்சிச் சோடா குடித்தவர்கள். எங்கள் கந்தோரின் பெரிய டொக்டர் சோதிக்கச் சொன்னார். பிழை என்றால் ஹாஜியாரின் சோடாக் கொம்பனிக்குப் பூட்டு. பெருநாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. ஹாஜியாருக்கு ஆண்டு முழுவதும் ஓடும் வியாபாரத்தில் பாதி அந்தப் பெருநாளில்தான்.

கொழும்பிலிருந்து வரவேண்டிய பாசித்தூள் வந்துசேரவில்லை. ஐயா கிண்ணியாவிலிருந்து கடற்பாசி எடுப்பித்து, கந்தோர்க் குசினியில் தானே காய்ச்சினார். கோழிப்பெட்டிக்குள் ஆறு தட்டுத்தான் கொள்ளும். ஆறிலும் ஹாஜியாரின் சோடா. வெறும் தட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு, கிணறு பார்க்கப் புல்மோட்டைக்குப் போய்விட்டார்.

நோன்பு காலத்தில் அயலிலுள்ள முஸ்லிம் வீடுகளிலிருந்து கந்தோருக்குச் சீனி போட்டுக் காய்ச்சிய கடற்பாசி வரும். தட்டில் ஆடி ஆடி உறைந்திருக்கும் அந்தப் பண்டத்துக்காக நான் பதினொரு மாதம் காத்திருக்கிறவன். வேறென்ன சொல்ல?

வியாழக்கிழமை ஐயா திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார். ஆறு தட்டிலும் வெள்ளைப் புள்ளி. பிறகு மேசையைப் பார்த்தார்.

"தம்பி, இதில இருந்த தட்டு எங்க?"

"கழுவி அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறன் ஐயா."

"அதுக்குள்ள இருந்தது?"

"சாப்பிட்டிட்டன். சீனி காணாமல் கிடந்தது."

"முழுக்கவோ?"

"வழிச்சுச் சாப்பிட்டனான்."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஹாஜியார் உள்ளே வந்தார். நோன்பு வாயோடு வெயிலில் நடந்து வந்திருந்தார்.

"ஐயா, தட்டுல பூத்தது என்ட சோடாவில இருந்துதான் எண்டு சத்தியமாச் சொல்லுங்க. இப்பவே மூடிப்போடுறன். ஒரு கதையும் கதைக்க மாட்டன்."

ஐயா புள்ளிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சொல்ல ஏலாது ஹாஜியார். எனக்கு இன்னும் ரெண்டு நாள் வேணும்" என்றார்.

திரும்ப மாதிரி எடுத்தார். புதுப் பாசியை ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்தார். இந்த முறை பெட்டிக்குள் நாலு சோடாத் தட்டு, இரண்டு வெறும் தட்டு. பழைய சட்டியின் அடியில் மிஞ்சிய கூழையும் ஒரு தட்டில் ஊற்றி மேசையில் வைத்தார். பெட்டிக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டார். மேசைத் தட்டின்மேல் 'சாப்பாடு அல்ல' என்று எழுதி ஒட்டினார். அது யாருக்கு என்று கந்தோரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த இரண்டு நாளும் மணிக்கொருதரம் என் மேசைக்கு வந்தார்.

"வயிறு எப்பிடி?"

"சுகம் ஐயா."

"ஒண்டுமில்லையோ?" அந்தக் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது; வெறும் தட்டு இப்போது என் வயிற்றில்தானே இருந்தது. ஆனாலும் கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சித் தந்து, நான் குடித்து முடியும்வரை பக்கத்தில் நின்றார்.

சனிக்கிழமை பெட்டி திறந்தது. சோடாத் தட்டு நாலும் சுத்தம். வெறும் தட்டு இரண்டும் சுத்தம். பழைய சட்டிக் கூழில் மட்டும் அதே வெள்ளைப் புள்ளி. ஐயா சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே சோடாக் கொம்பனிக்குப் போனார். வேலையாட்கள் எல்லோரும் பார்த்திருக்க, "பிழை என்ர கூழில. உங்கட சோடா நல்லம்" என்றார். ஹாஜியார் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கந்தோருக்குத் திரும்பியவுடன் ஐயா கை கழுவியிருப்பார், அது வேறு விஷயம்.

பெரிய டொக்டர் விடவில்லை. முதல் சோதனையின் வெறும் தட்டு எங்கே என்று எழுத்தில் கேட்டார். ஐயா விளக்கம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "வெறும் தட்டு என் கையிலிருந்து விழுந்து உடைந்தது" என்றார்.

என் பேனா நின்றது. பத்து மணி இரண்டு நிமிடத்தைப் பத்து மணி என்று எழுதினாலே வெட்டித் திருத்துகிற மனுசன் அவர். சோதனைப் பொருளைத் தின்ற தற்காலிகக் கிளாக்கரை அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஐயா, தட்டு உடையேல்லயே. அலுமாரிக்குள்ள கிடக்கு" என்றேன்.

அவர் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். தட்டை எடுத்து வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்தார். பிறகு கையை விட்டார்.

"இப்ப எழுதும்" என்று சொல்லிவிட்டு, குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். நானும் பக்கத்தில் குந்தினேன். "கையில குத்தும், நீர் விடும்" என்று என் கையைத் தட்டிவிட்டார். எனக்கு அழுகை வந்தது.