மௌன கிரிவலத்தில் வந்த டாக்டர்

சாமியிடம் எதை வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளலாம். ஆனால் வேண்டிக்கொண்ட பிறகு வேறு எதற்கும் நாள் குறிக்கும் முன் ஒருமுறை காலண்டரைப் பார்த்துவிடுவது நல்லது. நான் பார்க்கவில்லை. அதனால்தான் என் மனசுக்குள் இருந்த சங்கதி, அடி அண்ணாமலையில் மோர் விற்கிற அம்மா வரைக்கும் தெரிந்துபோனது.

மகளுக்குக் கல்யாணம் முடித்து அனுப்பிய பிறகு எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அழுகை என்றால்கூட ஒரு கணக்கு உண்டு, அழுது முடித்தால் தீர்ந்துவிடும். இது அப்படியில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். குழம்புக்கு உப்பு போட்டேனா என்பது மறந்துபோகும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் விளக்குதான் எரியும், எனக்குள் ஒன்றும் எரியாது. வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் சாயந்திரம் வந்து, "சாந்தி, இன்னா ஒரு மாதிரி இருக்க?" என்பார். "தலைவலிங்க" என்பேன். அதோடு முடிந்தது.

சென்னையில் இருந்து மகள்தான் கண்டுபிடித்தாள்.

"அம்மா, உன் குரலே சரியில்ல. மனநல டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. வீட்டுல இருந்தே போன்ல பேசலாம்."

"உலகமே நிம்மதி தேடி நம்ம ஊருக்கு வருது. நான் இந்த ஊர்ல இருந்துகிட்டு அத போன்ல தேடணுமா?" என்றேன்.

உண்மையில் எனக்கு வெட்கம். அண்ணாமலையார் காலடியில் குடியிருந்துகொண்டு மனசுக்கு மாத்திரை போட்டால், அவர் என்ன நினைப்பார்? அதனால் முதலில் அவரிடமே போனேன். மூன்று பௌர்ணமி, வாய் திறக்காமல் மலையைச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டேன். (அந்த மாதங்களில் எனக்குப் பேசவே பிடிக்கவில்லை என்பதைச் சாமியிடம் சொல்லவில்லை. கத்தரிக்காய் பிடிக்காதவள் காசிக்குப் போய் கத்தரிக்காயை விட்டுவிட்டு வந்த கதைதான்.)

இரண்டு பௌர்ணமி போயிற்று. மூன்று மணி முழிப்பு மட்டும் போகவில்லை. கடைசியில் மகளிடம், "சரி, பேசறேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாது" என்றேன். இரண்டு வாரம் காத்திருந்து கிடைத்த நேரம், ஒரு நாள் காலை பத்து மணி. அன்றைக்குத்தான் மூன்றாவது பௌர்ணமி.

நான் கணக்குப் போட்டேன். ஐந்து மணிக்கு ராஜகோபுரத்தில் ஆரம்பித்தால் ஒன்பதுக்கு முடிந்துவிடும். கற்பூரம் ஏற்றி மௌனத்தை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரிடம் பேசலாம். இந்தக் கணக்கில் நான் சேர்க்காமல் விட்டது, கூட வந்த என் வீட்டுக்காரரை. அவர் ஒவ்வொரு லிங்கத்திலும் சாமி கும்பிடுவார். ஒவ்வொரு சுண்டல் தட்டையும் அதே பக்தியோடு கும்பிடுவார். அடி அண்ணாமலை வரும்போது மணி பத்து. பாதி தூரம்தான் ஆகியிருந்தது. போன் அவர் தோளில் தொங்கிய மஞ்சப்பையில் இருந்தது.

அது அடித்தது. அவர் எடுத்தார். திரையில் ஒரு பெண் முகம்.

"வணக்கம், நான் மனநல மருத்துவர் பேசறேன். சாந்தி இருக்காங்களா?"

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மலையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மோர் கடை ஓரத்துக்குப் போனேன். கூட்டத்தின் இரைச்சலில் டாக்டர் குரல் கேட்க வேண்டுமே என்று அவர் சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டார். எனக்குக் கேட்டதோ இல்லையோ, மோர் விற்கிற அம்மாவுக்கு நன்றாகவே கேட்டது.

"சாந்தி, எப்படி இருக்கீங்க?"

நான் கும்பிட்டேன்.

"பேச மாட்டாங்களா? எத்தனை நாளா பேசாம இருக்காங்க?" டாக்டர் முகத்தில் கவலை.

"காலைல அஞ்சு மணில இருந்துங்க. வேண்டுதல்" என்றார் இவர்.

"அப்ப வேற நாள் வச்சிக்கலாமா?"

நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினேன். இன்னும் இரண்டு வாரம் என்னால் முடியாது. அது டாக்டருக்குப் புரிந்தது. "சரி, கேள்விய நான் கேக்கறேன். சைகையில சொல்லுங்க, சார் எனக்கு எடுத்துச் சொல்லட்டும்" என்றார்.

(எழுதிக் காட்டியிருக்கலாமே என்று மகள் பிறகு கேட்டாள். பத்தாவது படித்த எனக்குத் தோன்றவில்லை. நாள் முழுக்கக் காகிதத்தோடு குடித்தனம் நடத்துகிறவருக்கும் தோன்றவில்லை.)

"தூக்கம் எப்படி?"

"நல்லா தூங்குவாங்க" என்று இவரே பதில் சொன்னார். நான் அவர் கையைக் கிள்ளி, மூன்று விரலைக் காட்டி, கண்ணை அகல விழித்துக் காட்டினேன்.

"மூணு மணிக்கே முழிச்சிக்கறாளாம்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"எப்ப இருந்து?"

ஒன்பது விரல் காட்டினேன். "ஒம்போது வருஷமா டாக்டர்." நான் நெற்றியில் அடித்துக்கொண்டு, மகள் என்பதற்காக இடுப்பளவு உயரத்தைக் கையால் காட்டி, கல்யாணம் என்பதற்காகக் கழுத்தில் மூன்று முடிச்சு போட்டுக் காட்டினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "எங்க கல்யாணத்துல இருந்தா? இருபத்தாறு வருஷமாவா?"

மோர் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "பொண்ணு கல்யாணத்த சொல்லுதுய்யா. ஒம்போது மாசம் ஆவுது போல."

நான் அந்த அம்மாவைக் கும்பிட்டேன்.

"மாத்திரை சாப்பிட பயம் எதுவும் இருக்கா?" என்றார் டாக்டர்.

இருந்தது. சாப்பிட ஆரம்பித்தால் அதற்கே அடிமையாகிவிடுவேனோ என்ற பயம். அதை எப்படிக் காட்டுவது? கட்டைவிரலை வாயில் வைத்து அண்ணாந்து, கொஞ்சம் தள்ளாடிக் காட்டினேன்.

என் வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போனிடம் மெதுவாக, "குடிப்பழக்கம் இருக்குதாம் டாக்டர். எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றார்.

மோர் வாங்க நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்துத் தள்ளி நின்றார்கள். டாக்டர் திரையைவிட்டு ஒதுங்கிச் சிரித்துவிட்டு வந்தார். பிறகு முகம் மாறி, நிதானமாகக் கேட்டார்.

"இத எல்லார்கிட்டயும் கேப்பேன். உயிரோட இருக்க வேணாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

"சேச்சே, அவ அப்படிப்பட்டவ இல்லீங்க."

"அவங்கதான் சொல்லணும் சார். தலையாட்டினா போதும்."

போதாது. ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் முழு உண்மை இல்லை. மலையைப் பார்த்தேன். வாயைத் திறந்துவிட்டேன்.

"சாவணும்னு தோணல டாக்டர். ஏன் விடியுதுன்னுதான் தோணுது."

என் வீட்டுக்காரர் மஞ்சப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் எனக்கு வாய் மூடவில்லை. ஒன்பது மாதத்தையும் கொட்டினேன். பத்தியம் உண்டா, ஒரு மண்டலம் சாப்பிட்டால் போதுமா என்றும் கேட்டேன்.

"பத்தியமும் இல்ல, மண்டலக் கணக்கும் இல்ல" என்றார் டாக்டர். "காலைல சாப்பிட்டதும் ஒன்னு. முதல் வாரம் குமட்டலாம், வயிறு சரியில்லாம இருக்கலாம், பெரும்பாலும் போயிடும். பலன் தெரிய ரெண்டு மூணு வாரத்துக்கு மேலயும் ஆகலாம். இது போதை தர்ற மாத்திரை இல்ல. ஆனா நல்லாயிட்டேன்னு நீங்களா திடீர்னு நிறுத்தக்கூடாது, நான் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பேன். மனசு இன்னும் மோசமாச்சுன்னா அன்னிக்கே கூப்பிடணும். இல்லன்னா ரெண்டு வாரத்துல மறுபடி பேசுவோம்." என் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். வாயு லிங்கத்தை நாங்கள் தாண்டுவதற்குள் மருந்துச் சீட்டு போனுக்கு வந்துவிட்டது.

எனக்கோ வேண்டுதல் உடைந்த துக்கம். "சாமி கோச்சிப்பாருங்க. மாத்திரை வேற போடப்போறேன்" என்றேன்.

"எனக்கு சக்கரை மாத்திரை போட்டா கோச்சிக்கிறாரா?"

"மாத்திரைய போட்டுட்டு ஜிலேபி சாப்பிடறீங்களே, அதுக்குத்தான் கோச்சிக்கிறாரு."

அவர் நடுவழியில் நின்றுவிட்டார். "எவ்ளோ நாளாச்சு நீ என்ன இப்படித் திட்டி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் வாரம் குமட்டல்தான். நாலாவது வாரம் ஒரு நாள் கண் விழித்தபோது வெயில் ஜன்னலில் இருந்தது. மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறேன். எப்போது குறைப்பது என்பது டாக்டர் பாடு.

உடைந்த வேண்டுதலை விடவில்லை. மறுபடி முதலில் இருந்து மூன்று பௌர்ணமி சுற்றினேன். துணைக்கு மௌனம் இருக்கிறேன் என்று கிளம்பிய என் வீட்டுக்காரர், அக்னி லிங்கம் பக்கத்தில் சுண்டல்காரரிடம் காரம் கேட்டதோடு விரதத்தை முடித்துக்கொண்டார். நான் முழுசாக முடித்தேன். ஆனால் இந்த முறை உயிர் போயிற்று. அவர் நடக்கிற நடைக்கும், நிற்கிற நிலைக்கும், சொல்ல வேண்டியது எவ்வளவு இருந்தது. எல்லாவற்றையும் தொண்டையிலேயே அடக்கிக்கொண்டு நடந்தேன். ராஜகோபுரத்தில் கற்பூரம் ஏற்றும்போதுதான் தெரிந்தது, இந்தத் தடவைதான் பிடித்த காயை விட்டிருக்கிறேன்.

இப்போதும் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும். மகள் வீட்டுக்கு வந்திருந்தால் கட்டைவிரலை வாயில் வைத்து அண்ணாந்து காட்டுவாள். அவள் அப்பா கடையில் இருந்தாலும் சரி, பந்தியில் இருந்தாலும் சரி, சும்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார்: "டாக்டர், மறுபடி ஆரம்பிச்சிட்டா."