சரித்திரம் இல்லாத முகூர்த்தம்

"ஆகஸ்ட் இருபத்தேழு வேண்டாம் சம்பந்தியம்மா" என்று ராஜசேகர் சொன்னபோது, கமலவல்லி தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏங்க? ஜோசியர் முதல்ல குறிச்சுக் கொடுத்த தேதியே அதுதாங்களே?"

"ஜோசியருக்கு நட்சத்திரம் தெரியும். சரித்திரம் தெரியுமா? ஆயிரத்து எண்ணூத்தி எம்பத்து மூணு, ஆகஸ்ட் இருபத்தேழு. கிரகடோவா எரிமலை வெடிச்சுது. முப்பத்தாறாயிரம் பேர் போய்ச் சேர்ந்தாங்க."

"ஐயையோ, எங்கேங்க?" என்று பதறினார் கமலவல்லியின் கணவர் நீலமேகம்.

"இந்தோனேசியாவுல."

"அதானே பார்த்தேன். நம்ம பக்கம் ஏது எரிமலை" என்று நீலமேகம் சாய்ந்து உட்கார்ந்தார். கமலவல்லி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, மகள் ஆர்த்தியின் கல்யாணத்துக்குத் தேதி வைக்கக் கும்பகோணம் வந்திருந்தார்கள் இருவரும். மாப்பிள்ளை நிதிஷுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஆகஸ்ட் இருபதுக்கு வந்தால் செப்டம்பர் பதினாலுக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு புரட்டாசி. யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழித்துத்தான். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வாசல் வரை வந்து கலைந்து போனவை. இதுவும் போனால் ஊர்ப்பேச்சுக்குப் பதில் சொல்லி மாளாது.

மாப்பிள்ளையின் அப்பா ராஜசேகரோ ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். முப்பது வருஷம் பள்ளிக்கூடக் கரும்பலகையில் தினமும் 'வரலாற்றில் இன்று' எழுதியவர். நாளுக்கு ஒரு பக்கமாக அத்தனையும் எழுதிவைத்த தடிமனான நோட்டு மடியில் உட்கார்ந்திருந்தது. அவர் மனைவி எழில்மொழி காபி டம்ளர்களை வைத்துவிட்டு, வாயே திறக்காமல் உள்ளே போனாள்.

ஜோசியர் கொடுத்தது நாலே தேதி. நாலையும் மன்னார்குடி மண்டபத்து மேனேஜர் முபாரக் இவர்களுக்காகப் பிடித்து வைத்திருந்தார். பகல் பன்னிரண்டு மணி வரைக்கும்தான்.

கமலவல்லி சட்டென்று போனை எடுத்தாள். "முபாரக் தம்பி, இருபத்தேழு வேணாம். இருபத்துநாலு வச்சுக்கறோம்."

"அப்ப இருபத்தேழை விட்டுடவாம்மா? ஆளு கேட்டுக்கிட்டே நிக்கிறாங்க."

"விட்டுடுங்க."

போனை வைத்துத் திரும்பினால், ராஜசேகர் பக்கத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆகஸ்ட் இருபத்துநாலு. வெசுவியஸ் பொங்கி, பாம்பேய் நகரமே சாம்பலுக்குள்ள புதைஞ்ச நாள்."

"அது எப்பங்க?"

"கி.பி. எழுபத்தொம்பது."

"ரெண்டாயிரம் வருஷம் ஆகப்போகுதேங்க!"

"சரித்திரத்துக்கு வயசாகாது சம்பந்தியம்மா."

கமலவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று பத்து. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்தவள்போல, கொல்லைப்பக்கம் போய் மகளுக்கு போன் போட்டாள்.

"ஆர்த்தி, உன் போன்ல பாரு. செப்டம்பர் அஞ்சுல நல்லவங்க யாராவது பொறந்திருக்காங்களா?"

"எதுக்கும்மா?"

"உன் கல்யாணத்துக்குத்தான்டி. கேள்வி கேக்காம பாரு!"

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. கமலவல்லி போனைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு ஓடிவந்தாள். "செப்டம்பர் அஞ்சு வச்சுக்கலாங்க! வ.உ.சி. பொறந்த நாளு. ஆசிரியர் தினமும் அன்னிக்குத்தான். உங்களுக்குன்னே அமைஞ்சாப்பல இருக்கு!"

ராஜசேகரின் முகம் மலர்ந்தது. கமலவல்லி மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அவர் முகம் வாடிவிட்டது.

"வ.உ.சி. மகான்தான். ஆனா பாருங்க, ஆசை ஆசையா கப்பல் விட்டாரு. கடைசியில கப்பலையும் வித்துட்டாங்க, அவரையும் ஜெயில்ல செக்கு இழுக்க விட்டாங்க. புதுசா குடித்தனம் ஆரம்பிக்கிற பிள்ளைங்களுக்கு அது வேணுமா? போதாததுக்கு, அன்னை தெரசா காலமானதும் அதே நாள்தான்."

நீலமேகம் இதுவரை பொறுமையாகத்தான் இருந்தார். இப்போது மனைவிக்கு உதவி செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது அவருக்கு.

"இப்படிப் பார்த்தா ஒருத்தரும் பொறக்கவே முடியாதுங்க. எங்க ஆர்த்தியையே எடுத்துக்குங்க. ஏப்ரல் பதினஞ்சு. அன்னிக்கு என்ன கெட்டுப்போச்சு?"

கமலவல்லி அவர் காலை மிதித்தாள். மிதித்து என்ன பயன்? சொல் வெளியே வந்துவிட்டது.

"ஏப்ரல் பதினஞ்சா?" ராஜசேகர் நிமிர்ந்தார். "ஜாதகத்துல சித்திரை ரெண்டுன்னுல்ல போட்டிருந்துச்சு?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார் நீலமேகம், பெருமையாக.

நோட்டு புரண்டது. ராஜசேகர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"டைட்டானிக் கப்பல் முழுகின நாள்" என்றார் மெல்ல. "ஆபிரகாம் லிங்கன் உயிர் போனதும் அன்னிக்குத்தான். இதை முன்னாடியே சொல்லியிருக்கணும் நீங்க."

தேதியில் ஆரம்பித்தது பெண்ணிடமே வந்து நின்றுவிட்டது. இதோ, மூணாவது சம்பந்தமும் எழுந்து நடக்கப்போகிறது.

அப்போது அவள் கையிலிருந்த போன் பேசியது. துண்டிக்க மறந்ததோடு, ஓடிவந்த அவசரத்தில் ஸ்பீக்கரையும் தட்டிவிட்டிருந்தாள்.

"மாமா, லியனார்டோ டா வின்சி பொறந்ததும் ஏப்ரல் பதினஞ்சுதான்!"

ராஜசேகர் போனைப் பார்த்துச் சொன்னார்: "அவர் கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கலையேம்மா."

கமலவல்லிக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, தாம்பாளத்தை 'டங்'கென்று தரையில் வைத்தாள்.

"மாப்பிள்ளை என்னிக்குங்க பொறந்தாரு?"

ராஜசேகர் நோட்டைப் புரட்டவில்லை. "அது... ஆகஸ்ட் ஆறு."

போனில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஆர்த்தியின் குரல் வந்தது. "அம்மா, ஹிரோஷிமாவுல குண்டு போட்ட நாள்மா."

"அதுவும் இந்தோனேசியாவா?" என்றார் நீலமேகம்.



"பொறப்பு நம்ம கையில இல்லைங்க" என்று ராஜசேகர் தொண்டையைச் செருமினார். "கல்யாணத் தேதி நம்ம கையில இருக்கு."

"எங்க பொண்ணு பொறந்ததும் எங்க கையில இல்லைங்க சம்பந்தி" என்றாள் கமலவல்லி.

"...சரி. அதை விட்டுடுவோம்."

ஆர்த்தியின் போனை வைத்ததுதான் தாமதம், முபாரக் கூப்பிட்டார். மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

"அம்மா, இருபத்துநாலுதான் உங்க முடிவுங்களா?"

"இல்ல தம்பி, பத்து... பத்து இருக்குல்ல?"

"பத்துக்குத்தாம்மா எதிர்ல ஒருத்தர் உக்காந்திருக்காரு. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துட்டாரு."

"அந்தப் பேனாவைக் கொஞ்சம் வாங்கி வச்சுக்குங்க தம்பி! லைன்லயே இருங்க!"

மிச்சமிருந்தது அந்த ஒரே தேதி. ராஜசேகர் நோட்டைத் திறந்தார். செப்டம்பர் எட்டு. ஒன்பது. அடுத்த பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சில் தொட்டுப் பிரித்தார். கமலவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எரிமலையோ, பூகம்பமோ, எவன் தலை உருண்டதோ!

சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். ராஜசேகர் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே இல்லீங்க!" என்றார். குரலே மாறியிருந்தது. "முப்பது வருஷமா எழுதறேன், இந்த ஒரு பக்கம் மட்டும் காலி! ஒரு போர் இல்ல. ஒரு வெள்ளம் இல்ல. யாரும் பொறக்கல, யாரும் சாகல. சரித்திரத்துல இப்படி ஒரு சுத்தமான நாள் கிடைக்குமா சம்பந்தியம்மா? இதுதான் முகூர்த்தம்!"

"தம்பி, செப்டம்பர் பத்து! எங்க பேர்ல எழுதிடுங்க!" என்று போனுக்குள் கத்தினாள் கமலவல்லி.

"எழுதிட்டேம்மா. நல்லாயிருங்க" என்றார் முபாரக்.

நீலமேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கமலவல்லி தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு நீட்டினாள். ராஜசேகர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இத்தனை நாள் காலியா இருந்த பக்கத்துக்கு இன்னிக்குத்தான் விமோசனம். நிதிஷ், ஆர்த்தி திருமணம்னு முதல் வரி நானே எழுதறேன்."

டம்ளர்களை எடுக்க வந்த எழில்மொழி, அவர் தோளுக்கு மேலாக எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"மேல ஒரு வரி விட்டு எழுதுங்க" என்றாள். "முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி, அன்னிக்குத்தான் நமக்குக் கல்யாணம் ஆச்சு."