எந்தப் பாஷாவுக்கும் பொருந்தும் வாழ்த்துப்பா

கவிஞர் ஓர் இனம், பத்திரிகைக்காரர் ஓர் இனம். இரண்டையும் ஒரே அங்கிக்குள் போட்டுத் தைத்தால் மூன்றாவதாக ஓர் இனம் கிடைக்கும். பாக்தாதில் மந்திரிசபை கவிழக் கவிழ அது பெருகும். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆற்றங்கரைக் காப்பிக்கடையில், வாசலைப் பார்த்த பெஞ்சில், ஹுக்காப் புகைக்கு நடுவே உட்கார்ந்து, காலைத் தலையங்கத்தில் யாரைக் கிழித்தாரோ அவருக்கே மாலையில் பா கட்டிக்கொண்டு, இடையில் தேநீர் வாங்கித் தந்த புண்ணியவானுக்கும் இரண்டடி ஒதுக்குவார். பச்சோந்தியா? சேச்சே. நாடு அடிக்கடி ஆளை மாற்றினால் அவர் என்ன செய்வார், பாவம்.

நம் முன்திர் இந்த இனத்தில் முற்றிய காய். மீசை அரும்பும் முன்பே மேடையேறியவர். எழுத்துக்காக ஒரே ஓர் இரவு சிறையிருந்தார். சொல்லச் சொல்ல அது ஒரு முழுக் குளிர்காலமாக நீண்டுவிட்டது. 'நதிக்காற்று' என்று பத்திரிகை நடத்தினார். அதற்குத்தான் இப்போது ஆபத்து. மந்திரி ஷாகிர் பாஷா திங்களன்று கவிழ்வார் என்று நம்பி, சனிக்கிழமையே அவரைத் திட்டி எழுதிவிட்டார். மனிதர் வியாழன் வரை தாக்குப்பிடித்தார். போகிற போக்கில் பத்திரிகையின் உரிமத்தையும் ரத்து செய்துவிட்டுப் போனார்.

புது மந்திரி ராசிம் பாஷாவுக்கு வரவேற்பு. அங்கே ஒரு வாழ்த்துப்பா பாடினால் உரிமம் திரும்பி வரும். பாட்டுக்கா பஞ்சம்? வசந்தத்தில் ஷாகிருக்குப் பாடியது இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் போயிற்று.

"புதுசா ஒண்ணு எழுதுங்களேன், அபூ லைலா" என்றாள் மனைவி, ஊர் வழக்கப்படி 'லைலாவின் அப்பா' என்று கூப்பிட்டு. "அந்தச் சிங்கத்தையும் மழை மேகத்தையும் இன்னும் எத்தனை பேரு தலையிலதான் ஏத்துவீங்க?"

"சிங்கம் எப்பவும் சிங்கம்தான், உம்மு லைலா."

பாட்டில் ஓர் அடி பிடித்துப்போனால் சபை "மறுபடி" என்று கேட்கும். கேட்டால் கவிஞர் திரும்பச் சொல்லியே தீர வேண்டும், மறுத்தால் சபைக்கு அவமானம். அப்படிக் கேட்க யாருக்கும் தோன்றாமல் போய்விட்டால்? அதற்குத்தான் மைத்துனன் ஹம்மூதி.

"பாஷா பேரு வர்ற அடி. அங்க கத்தணும். புரிஞ்சுதா?"

"என்கிட்ட விட்டுடுங்க மச்சான்."

வரவேற்பில் முன்திர் பாடினார். சிங்கம் வந்தது, மேகம் வந்தது, பாஷாவின் பெயரும் வந்தது. ஷாகிர். நாக்குக்குப் பழகிய பெயர், அதுபாட்டுக்கு வழுக்கி விழுந்துவிட்டது. தப்பித்திருப்பார். வயிறு முட்ட மீன் தின்ற சபையில் பாதி கண்சொருகிக் கிடந்தது.

"மறுபடி, அபூ லைலா. தேனு மாதிரி இருக்கு" என்று ஹம்மூதி எழுந்து நின்று கத்தினான். காதில் விழாதவர்களும் மரியாதைக்கு "மறுபடி, மறுபடி" என்றார்கள். இனி எங்கே ஓடுவது? முன்திர் அடியைத் திரும்பச் சொன்னார், இந்த முறை ராசிம் என்று. தூங்கியவர்களெல்லாம் விழித்துக்கொண்டார்கள்.

ராசிம் பாஷா ஜெபமாலை உருட்டுவதை நிறுத்தினார். "முதல்ல சொன்ன மாதிரியே சொல்லுங்க, உஸ்தாத்."

முன்திர் பாதி உயிரோடு "ஷாகிர்" என்றார்.

"அதேதான்" என்று பாஷா தொடையைத் தட்டினார். "வசந்தத்துல ஷாகிர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு இந்த அடிக்கு முதல்ல 'மறுபடி' கேட்டது நான்தான். அன்னைக்கு அவரு என்னை உதவி மந்திரி ஆக்கினாரு."

சபையில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

"பத்திரிகையை நாளைக்கே ஆரம்பிங்க. என்னை என்னைக்குத் திட்டப்போறீங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அன்னைக்கே பெட்டியைக் கட்டிடுறேன்."

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும், உங்கள் அலுவலகத்தில் புது அதிகாரிக்கு மாலை போட்டு நீங்கள் பேசிய பேச்சை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பழையவரை வழியனுப்பும்போது பேசியதும் அதே பேச்சுதானே? எனக்குப் பேசவும் வராது, பாட்டுக் கட்டவும் வராது என்கிறீர்களா? இருக்கட்டும். கைதட்ட வருமே.